போளியில் சின்னத் துண்டு

கோவில்பட்டி தாண்டித் தெற்கே போகிற ரயிலில் கடம்பூர் வந்தால் போளி ஞாபகம் வரும். ஒரே போளியை அண்ணன் தம்பிக்குப் பிய்த்துக் கொடுத்துப் பாருங்கள். சின்னத் துண்டு கிடைத்தவன் "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று தள்ளிவிட்டுப் போவான். பசி இருக்கும், ஆனாலும் வேண்டாம்.

இதையே 1982-ல் ஜெர்மனியில் வெர்னர் கூத் முதலான பொருளியலாளர்கள் காசு வைத்துச் சோதித்தார்கள். 100 ரூபாய் என்று வையுங்கள். ஒருவர் பங்கு பிரிப்பார். மற்றவர் மறுத்தால் இருவருக்குமே கிடையாது. கணக்குப்படி 1 ரூபாய் வந்தாலும் லாபம்தானே? ஆனால், பிற்பாடு பல நாடுகளில் பார்த்ததில், 20-க்குக் கீழே போனால் ஏறக்குறையப் பாதிப்பேர் மறுத்தார்கள். பிரித்தவர்களும் பெரும்பாலும் 40, 50 கொடுத்தார்கள்.

நல்ல மனசா, பயமா? மறுக்கவே முடியாதபடி ஆட்டத்தை மாற்றினார்கள். பங்கு குறைந்தது, நிற்கவில்லை. அப்படி நடந்த சோதனைகளை 2011-ல் ஒருவர் மொத்தமாகத் தொகுத்துப் பார்த்தார்: முன்பின் தெரியாதவருக்குச் சராசரியாக நூற்றுக்கு 28 போயிருக்கிறது.

மொய்யை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது நோட்டில் ஏறித் திரும்பி வருகிற காசு.