வைஃபை பெட்டிக்கு ரெண்டு பூட்டு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



பணப்பெட்டி ஒருத்தர் வீட்டில், சாவி இன்னொருத்தர் கையில் என்று வைத்துப் பழகியவர்கள் நாம். யார் மேலயும் சந்தேகம் இல்லை; பொதுப்பணத்துக்கு அதுதான் முறை. இன்றைக்கு வங்கிக் கணக்கை செல்போனில் பார்க்கிறோம், கரண்ட் பில் கட்டுகிறோம், பிள்ளைகள் படிக்கிறார்கள். இதுக்கெல்லாம் வாசல், சுவரில் மாட்டியிருக்கும் வைஃபை பெட்டி. அதன் சாவி யார்கிட்ட இருக்கு என்று கேட்டால், "கனெக்‌ஷன் கொடுக்க வந்த தம்பிக்குத்தான் தெரியும்" என்கிறோம். இது சரியா?

அந்தப் பெட்டியைப் பார்த்து பயப்பட ஒன்றுமில்லை. தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் இணைப்பு போன்றது மோடம். வந்த தண்ணீரை அடுப்படிக்கு, தொட்டிக்கு என்று பிரித்துவிடும் குழாய் போன்றது ரவுட்டர். 2005-ல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தபோது டெலிபோன் கம்பி வழியாக இணையம் வந்தது. இப்போது பல ஊர்களில் கண்ணாடி இழை கேபிளில் வருகிறது. மோடம் வேலை, ரவுட்டர் வேலை இரண்டையும் பெரும்பாலும் ஒரே பெட்டி செய்கிறது. உள்ளே இருப்பது கண்ணாடி என்பதால் அந்த வயரை மடக்கக் கூடாது, ஆணியில் சுற்றக் கூடாது. பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து சிக்னல் வரவில்லை என்று அர்த்தம். கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். பெட்டியை வீட்டு நடுவில், உயரமான இடத்தில் வையுங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்தால் சிக்னல் குறையும்.

இனி பூட்டுக்கு வருவோம். பெட்டிக்கு ரெண்டு பூட்டு உண்டு.

முதல் பூட்டு, வைஃபை பாஸ்வேர்டு. குறைந்தது 8 எழுத்து வேண்டும். 12-க்கு மேல் இருந்தால் நல்லது. போன் நம்பர், பிள்ளை பேர் வேண்டாம். பாதுகாப்பு முறை என்று கேட்கும் இடத்தில் டபிள்யு.பி.ஏ.2 அல்லது டபிள்யு.பி.ஏ.3 என்று இருக்கட்டும்.

ரெண்டாவது பூட்டை நாம் மறந்தே போகிறோம். அது பெட்டிக்குள் நுழையும் பாஸ்வேர்டு. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 192.168.1.1 என்பது போல ஒரு எண் இருக்கும். வைஃபையில் இணைந்த போனில் அந்த எண்ணை அடித்தால் பெட்டியின் பக்கம் திறக்கும். பல பெட்டிகளில் பேரும் பாஸ்வேர்டும் 'அட்மின்' என்றே இருக்கும். இதை மாற்றாமல் விட்டால், நம்ம வைஃபையில் நுழைந்த யாரும் பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். நாம் வங்கியின் பேரை அடித்தால் போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிடவும் வழி இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பையன் கொஞ்ச நேரம் பார்த்தால் என்ன போச்சு என்று நினைக்காதீர்கள். 2008 ஜூலையில் அகமதாபாத்தில் குண்டு வெடிப்பதற்குச் சற்று முன் ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது நவி மும்பையில் பூட்டில்லாத ஒரு வீட்டு வைஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் போய் நின்றது அந்த வீட்டு வாசலில். கனெக்‌ஷன் நம்ம பேரில் இருந்தால், முதல் கேள்வியும் நம்மகிட்டதான் வரும்.

புது பாஸ்வேர்டை சுவரில் எழுதாதீர்கள். நோட்டில் எழுதி பெட்டியில் பூட்டி வையுங்கள். மறந்துபோனால் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தாதீர்கள். கம்பெனி போட்ட அமைப்பும் சேர்ந்து அழிந்துவிடலாம். அவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள். யாராவது ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டால், உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கைநாட்டு வைத்த நாம்தான் கையெழுத்துப் போடக் கற்றோம். இதுவும் அப்படித்தான். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, "ரெண்டு பூட்டும் போட்டாச்சு" என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.