காற்றாலையின் சாறு யாருக்கு?



இன்று ஒரு சொல்லை முன்வைத்துப் பேச விழைகிறேன். 'காற்றாலை' என்பதே அச்சொல். பழந்தமிழில் 'ஆலை' என்பது கரும்பு பிழியும் பொறியைக் குறித்தது. பின்னர் எண்ணெய் ஆலை, அரிசி ஆலை, பஞ்சாலை என அதன் பொருள் விரிந்தது. காற்றாலை அவ்வரிசையில் இளையது.

நாம் கூடியிருக்கும் சுங்கை பாக்காப்புக்கு ஆலை புதிய சொல்லன்று. செபராங் பிறையில் ரப்பர் வருவதற்கு முன், 19ஆம் நூற்றாண்டில், கரும்பே பெருந்தோட்டப் பயிர். ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர் அதை வெட்டி ஆலைக்குச் சேர்த்தனர். சீனி கப்பலேறியது; வெட்டியவர்க்குச் சக்கையே எஞ்சியது. ஆகவே, உலகில் எங்கே ஆலை எழுந்தாலும் 'சாறு யாருக்கு?' என்று கேட்கும் உரிமை இவ்வூருக்கு உண்டு.

தமிழ்நாட்டில் 1986இல் தூத்துக்குடியில் முதல் காற்றாலைகள் நிறுவப்பட்டன. தென்மேற்குப் பருவக்காற்று மலையிடைவெளி வழியே விரைந்து பாயும் ஆரல்வாய்மொழியும் முப்பந்தலும் பின்னர் அவற்றின் பெருங்களமாயின. அவ்வட்டார மக்கள் அவற்றைக் 'காத்தாடி' என்பர். இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல். இவ்வளர்ச்சிக்குக் காற்று மட்டும் காரணமன்று. வரிச்சலுகை இருந்தது. பஞ்சாலை உரிமையாளர் ஆரல்வாய்மொழியில் காற்றாலை நிறுவி, அம்மின்சாரத்தை மின்வாரியக் கம்பிகள் வழியே தம் ஆலைக்குக் கணக்கிட்டுக்கொள்ளவும் வழி இருந்தது. சாறு செல்லும் குழாய் முன்பே அமைந்திருந்தது என்று சொல்லலாம்.

ஆப்பிரிக்காவில் நிலை வேறு. சகாராவுக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கோடி மக்கள் மின்சாரமின்றி வாழ்கின்றனர். அங்கே காற்றாலை பெருந்தேவை. கென்யாவின் துர்க்கானா ஏரிப் பகுதியில் 365 காற்றாலைகள், 310 மெகாவாட் திறனுடன் எழுந்தன. அவை 2017இல் ஆயத்தமாயினும், மின்தடம் 2018இல்தான் முடிந்தது. அதுவரை அவை வீணே நின்றன. அதனினும் பெரிய சிக்கல் நிலம். கால்நடை மேய்ப்போர் பொதுவில் பயன்படுத்திவந்த அந்நிலத்தின் உரிமைப் பத்திரங்கள் முறைப்படி பெறப்படவில்லை என 2021இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இது தொலைவில் உள்ளார் கதை என எண்ணவேண்டா. இலங்கையின் மன்னார்த் தீவில் 30 காற்றாலைகள் கொண்ட 'தம்பபவனி' 2020இல் திறக்கப்பட்டது. ஈழத்துக் கடலோடிகள் காற்றைத் திசையறிந்து வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனப் பெயரிட்டு அழைப்பவர்கள். எக்காற்றில் வலை வீசலாம், எக்காற்றில் கரையிலிருக்க வேண்டும் என்ற அறிவு அப்பெயர்களுள் அடங்கியுள்ளது. புதிய காற்றாலைகளால் மீன்பிடியும் மழைநீர் வடிகாலும் பறவைகளின் வலசையும் கெடும் என அஞ்சி, மன்னார் மக்கள் 2025இல் தெருவில் இறங்கினர். காற்றுக்குப் பெயரிட்டவர்களைக் கேளாமல் காற்றை அளந்தால் அளவு சரியாகலாம், ஊர் இசையாது.

காற்றாலை வேண்டாம் என்பது என் கருத்தன்று. கரியும் எண்ணெயும் எரித்து உலகம் வெம்புகையில் அது நமக்கு வேண்டும். ஆயினும் கம்பி நகரத்துக்குச் செல்லும் வழியில் அருகிலுள்ள சிற்றூருக்கும் விளக்கேற்ற வேண்டும். நிலம் தந்தோர்க்கு வருவாயில் பங்கு வேண்டும். மொழியியலாளனாக இன்னொன்றும் சொல்வேன்: ஒப்பந்தம் அம்மண்ணின் மொழியில் எழுதப்பட்டு, அம்மக்கள் முன் உரக்கப் படிக்கப்பட வேண்டும்.

நம் முன்னோர் பலர் தாம் வாசிக்க இயலாத தாளில் கைநாட்டு வைத்துக் கப்பலேறினர். அவர்களின் வழிவந்த நாம் இதைக் கேட்காவிடில் வேறு யார் கேட்பர்?