கதவைத் தட்டினவங்க யாரு?

(தலைப்பு: பட்டணத்துக்குப் புதிதாகக் குடிவருபவர் முதலில் அறிய வேண்டியது பட்டணத்து விலைவாசியையா? பட்டணத்து மனிதர்களையா? 'மனிதர்களையே' என்ற அணியில் பேசியது.)

பாசத்துக்குரிய நடுவர் அவர்களே! கையில் கால்குலேட்டரோடு வந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) இந்த மண்டபத்திலும், வீட்டில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னாலும் அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசின தம்பி பிரமாதமாகக் கணக்குப் போட்டார். வாடகை இவ்வளவு, அட்வான்ஸ் பத்து மாசம், புரோக்கருக்கு ஒரு மாசம், தண்ணி கேனுக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு. கேட்கக் கேட்க எனக்கே ஊருக்குத் திரும்பிப் போயிடலாமான்னு தோணிச்சு. (சிரிப்பு) நான் 1986-ல் அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருவொற்றியூருக்கு வாழ வந்தவள். வர்றதுக்கு முன்னாடி இந்தத் தம்பி பேச்சைக் கேட்டிருந்தா என் வீட்டுக்காரருக்கு வேற பொண்ணுதான் பார்த்திருக்கணும்! (சிரிப்பு, கைதட்டல்)

ஐயா, எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கி, பல்லவன் பஸ்ஸில் தகரப்பெட்டியோட நின்னுக்கிட்டே வந்தேன். அன்னிக்கு ராத்திரி ஜன்னலைத் திறந்தா, மேற்கே வானத்தில் தீ எரியுது! 'ஐயோ, எங்கேயோ பத்திக்கிச்சு'ன்னு நான் கத்தின கத்துல தெருவே கூடிப் போச்சு. பக்கத்து வீட்டில் மீன் வியாபாரம் பண்ணுற அக்கா ஒருத்தங்க. விடியறதுக்கு முன்னால் காசிமேட்டுக்குப் போய்க் கூடை எடுத்து வர்றவங்க. அந்த அக்கா வந்து, "இன்னாமே பேஜாரு? அது மணலி கம்பெனி நெருப்பு. நமக்கு டெய்லி கார்த்திகை தீபம். குந்து, தண்ணி குடி" என்றார். (சிரிப்பு)

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் மிஞ்சுற வாயுவை உயரமான குழாய் வழியா எரிச்சு விடுவாங்க, அந்தச் சுடர்தான் அது. எனக்குத் தெரியாது. ஆனா எனக்குக் கோபம் எதில் தெரியுமா? 'குந்து'ன்னு சொன்னதில்! எங்க ஊர்ல சண்டை போடுறவனைக்கூட 'உக்காருங்க'ன்னுதான் சொல்லுவோம். இந்த அம்மா என்ன, மரியாதை தெரியாத அம்மான்னு ரெண்டு மாசம் முகம் கொடுத்துப் பேசலை. அதுக்குள்ள அடிபம்பில் உப்புத் தண்ணி வர்றது தெரியாம பருப்பு வேகப் போட்டு, அது வேகவே இல்லை. லாரித் தண்ணிக்குக் குடத்தை வரிசையில் போடத் தெரியலை. கடைசியில் அந்த அக்காதான் ஒருநாள் தன் குடத்தோட என் குடத்தையும் வரிசையில் வச்சிட்டு, "ஊர்ப் பொண்ணு பேசாட்டி இன்னா, தாகம் இருக்குமில்ல" என்றார். ரெண்டு மாசம் நான் தூக்கிவச்சிருந்த மரியாதை அந்த ஒரு குடம் தண்ணியில் கரைஞ்சு போச்சு. (கைதட்டல்)

அப்புறம் மீஞ்சூர்ப் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல் தண்ணியைக் குடிநீராக்குற ஆலை 2010-ல் ஓட ஆரம்பிச்சுது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் திறன். நல்ல விஷயம். ஆனா குழாயில் தண்ணி வந்ததிலிருந்து குழாயடி போச்சு. குழாயடி போனதும் பக்கத்து வீட்டுப் பேரு தெரியாமப் போச்சு. இதைப் பாதி விளையாட்டாத்தான் சொல்றேன். வரிசையில் நின்னவளுக்குத்தான் அந்த இடுப்பு வலி தெரியும், அது திரும்ப வேணாம்.

சரி, தம்பி விஷயத்துக்கு வர்றேன். பத்து மாச அட்வான்ஸ்! தம்பி, தமிழ்நாட்டில் 2017-ல் வாடகைச் சட்டம் ஒண்ணு போட்டு, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தாச்சு. முன்பணம் மூணு மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும். ஆனா அதில் ஒரு சூட்சுமம் இருக்கு. ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுட்டா, எழுதினதுதான் நிற்கும்! அதனால படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். இதை எனக்கு யார் சொன்னது? புரோக்கரா? அவர் கமிஷனை வாங்கினதுக்கப்புறம் போனையே எடுக்கலை. (சிரிப்பு) சொன்னது எதிர்த் தெருவில் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். திண்ணையில் உட்கார்ந்து சும்மாவே சொன்னார்.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஷரத்தைப் படிக்கணும்கிறதுக்கு எங்க ஊர்க் கதையே சாட்சி. சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூருக்குப் புதுசா வந்தவர். சங்கிலியாரைக் கல்யாணம் பண்ணணும். 'உன்னை விட்டுப் போகமாட்டேன்'னு கோயிலில் சத்தியம் பண்ணச் சொன்னாங்க. அவர் என்ன பண்ணினார்? சிவபெருமானிடம் போய், 'நான் சத்தியம் பண்ற நேரம் நீர் சந்நிதியில் இருக்க வேண்டாம், வெளியே மகிழ மரத்தடிக்குப் போய் இரும்'னு ஏற்பாடு பண்ணிட்டார். அந்தக் காலத்துப் புரோக்கர் வேலை! (சிரிப்பு) சிவன் என்ன செஞ்சார்? சங்கிலியார் கனவில் போய், 'மகிழ மரத்தடியில் சத்தியம் கேள்'னு சொல்லிட்டார். சுந்தரர் மாட்டிக்கிட்டார். பிறகு திருவாரூர் நினைப்பு வந்து ஊர் எல்லையைத் தாண்டினார், கண்ணு போச்சு. ஐயா, அந்த அம்மாவைக் காப்பாத்தினது எது? பத்து மாச அட்வான்ஸா? விவரம் தெரிஞ்ச ஒருத்தர் நேரத்துக்கு வந்து காதில் சொன்னாரே, அந்தச் சொல்! (நீண்ட கைதட்டல்)

பட்டினத்தாரும் எங்க ஊருக்கு வந்தவர்தான். காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் கப்பலாச் செல்வம் வச்சிருந்த வணிகர், எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு கரும்போட வந்தார். பேய்க்கரும்பு இனிச்ச இடத்தில் தங்கினார்னு சொல்லுவாங்க. கடற்கரையில் யாரோட இருந்தார்? சின்னப் பிள்ளைகளோட விளையாடிக்கிட்டு இருந்தார். கணக்குப் பார்க்கிற குலத்தில் பிறந்த மனுஷன் ஐயா அவர்!

எதிரணி அம்மா ஒண்ணு சொன்னாங்க. 'எங்கே விலை குறைவோ அங்கே போய்க் குடியேறுறதுதான் புத்திசாலித்தனம்.' நியாயமாத்தான் தெரியுது. எங்க பக்கம் கடலோரத்தில் ஒரு காலத்தில் மனை சல்லிசா விற்றாங்க. என் வீட்டுக்காரரும் ஆசைப்பட்டார். அந்த மீன்கார அக்கா காதுக்குப் போச்சு. "அங்க எங்க பாட்டி வூடு இருந்துச்சு. இப்ப அலை இருக்குது" என்றார். அவ்வளவுதான், வேற ஒண்ணும் சொல்லலை.

பின்னாடிதான் விவரம் தெரிஞ்சுது. 1870-களில் மெட்ராஸ் துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க. கடலில் சுவர் எழுப்பினாங்க. இந்தக் கரையோரம் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் குறுக்கே வந்ததும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் மணல் வரத்து நின்னு கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சுது. இன்னிக்கு அந்தப் பக்கம் ரோட்டோரமா மலை மலையாப் பாறாங்கல் கொட்டியிருக்கிறதைப் பார்க்கலாம். உங்க சாயங்கால மெரினாக் காற்றுக்கு எங்க பக்கத்துக் குப்பங்கள் தெரு தெருவாக் கொடுத்திருக்கு ஐயா! (கைதட்டல்) மனை விலை எவ்வளவு குறைவுன்னு பத்திரிகை விளம்பரம் சொல்லும். ஏன் குறைவுன்னு அந்த அக்காதான் சொன்னாங்க.

நடுவர் அவர்களே, வடசென்னையில் பூர்வீகம் பேச யாருக்கு உரிமை இருக்கு? மீனவ ஜனங்களை விட்டா மத்த எல்லாரும் வந்து சேர்ந்தவங்கதான். ராயபுரத்தில் 1856-ல் ரயில்வே ஸ்டேஷன் வந்தது, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் கிளம்பியது. அதே ராயபுரத்தில் பார்சிக்காரங்க 1910-ல் அக்கினிக் கோயில் கட்டினாங்க. 1717-லிருந்து 1720 வரை கவர்னரா இருந்த காலெட் நெசவாளர்களைக் குடிவைத்த பேட்டைதான், நம்ம வாயில் விழுந்து காலடிப்பேட்டை ஆச்சு. 1960-களில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவங்க இருக்காங்க. 2004 சுனாமியில் வீடு போனவங்களுக்கு எர்ணாவூரில் குடியிருப்பு. 2021-ல் மெட்ரோ ரயிலும் விம்கோ நகர் வரைக்கும் வந்தாச்சு, அதில் வர்றவங்க வேற.

இன்னிக்கு வந்துக்கிட்டிருக்கிறவங்க யாரு? ஒடிசா, பீகார், வங்காளப் பிள்ளைங்க. இங்கேதான் நான் ஒரு தப்பை ஒத்துக்கணும். மேடையில் மனிதர்கள் மனிதர்கள்னு பேசுறேனே, அந்தத் தப்பு என்னோடது.

2023 டிசம்பர். மாச ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோட எண்ணெயும் கொசஸ்தலை ஆத்து முகத்துவாரத்தில் கலந்து படகு, வலை எல்லாம் கறுப்பாப் போச்சு. அதைக் கழுவி முடிக்கலை. 26-ஆம் தேதி ராத்திரி, பெரியகுப்பத்துக்கிட்ட ஒரு உரத் தொழிற்சாலைக்கு வர்ற கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிஞ்சுது. நாங்க அப்போ எர்ணாவூருக்கு மாறி வந்திருந்தோம். நடுராத்திரி போன். அதே மீன்கார அக்கா. இப்போ எழுபது வயசுக்கு மேல, பெரியகுப்பத்தில் மகள் வீட்டில் இருக்காங்க. இருமிக்கிட்டே பேசுறாங்க: "துணியை நனைச்சு மூஞ்சில கட்டு. கெளம்பு. வண்டி பார்க்காத, நட."

அம்மோனியா தண்ணியில் சட்டுனு கரையும், அதனால்தான் ஈரத்துணி. காற்று அடிக்கிற திசையிலேயே ஓடக் கூடாது, குறுக்கே விலகணும். இதெல்லாம் அந்த அக்கா எந்தப் புத்தகத்திலும் படிக்கலை. அந்தக் காற்றிலேயே இருந்தவங்க.

கண்ணு எரியுது, தொண்டை எரியுது. நானும் வீட்டுக்காரரும் தெருமுனை வரைக்கும் வந்துட்டோம். அப்பத்தான் அவர் கேட்டார், "பின்னாடி ஷெட்டுல அந்தப் பசங்க?"

எங்க வீட்டுக்குப் பின்னாடி தகர ஷெட்டில் ஒடிசாப் பசங்க ஆறு பேர். எட்டு மாசமா இருக்காங்க. ஷிப்ட் முடிஞ்சு வந்து தூங்குற பிள்ளைங்க. அந்த எட்டு மாசத்தில் அவங்க வாடகை எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். தலைக்கு எவ்வளவு கொடுக்கிறாங்கன்னு கணக்குக்கூடப் போட்டுப் பார்த்திருக்கேன். ஒருத்தன் பேரும் தெரியாது. (அமைதி)

அவங்களுக்குப் போன் பண்ண யாரும் இல்லை. யாராவது தெருவில் கத்தினாலும் தமிழ் புரியாது. அந்த வருஷம் மார்ச்சில், தமிழ்நாட்டில் வடநாட்டுக்காரங்களை அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ பரவினப்போ இந்த மாதிரிப் பசங்க மூட்டை கட்டிக்கிட்டுப் போனாங்களே, ஏன்? அது பொய்யின்னு அரசாங்கம் சொல்லிச்சு. ஆனா பக்கத்து வீட்டில் ஒருத்தர்கிட்ட 'இது நிஜமா?'ன்னு கேட்டுத் தெரிஞ்சுக்க அவங்களுக்கு ஆள் இல்லை. நான் இருந்தேன், பத்தடி தூரத்தில். கதவைச் சாத்திக்கிட்டு.

என் வீட்டுக்காரர் திரும்பி ஓடினார். அவருக்கு அறுபத்தாறு வயசு. நானும் பின்னாலயே போனேன். பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியலையே ஐயா! தகரத்தைக் கையால அடிச்சோம், கல்லால அடிச்சோம். ஒருவழியாக் கதவு திறந்துச்சு. முந்தானையைத் தண்ணித் தொட்டியில் முக்கி முகத்தில் வச்சுக் காட்டினேன். புரிஞ்சுக்கிட்டாங்க. லுங்கியை நனைச்சுக் கட்டிக்கிட்டு ஆறு பேரும் எங்களோட நடந்தாங்க. திருவொற்றியூர்ப் பக்கம் வந்து ஒரு கடை வாசல்படியில் உட்கார்ந்தோம். குப்பத்து ஜனங்களில் பல பேர் அன்னிக்கு ஆஸ்பத்திரியில். அக்காவும் ரெண்டு நாள் இருந்தாங்க.

விடியற நேரத்தில் அந்தப் பசங்களில் ஒருத்தன் எங்கேயோ போய் டீ வாங்கிக்கிட்டு வந்தான். என் கையில் டம்ளரைக் கொடுத்துட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுப் பேர் சொன்னான். அப்புறம் மத்த அஞ்சு பேரும் வரிசையாச் சொன்னாங்க. நான் காசு எடுத்தேன். அவன் வாங்கலை.

இப்போ அந்த ஷெட்டுக்குப் புது ஆள் யார் வந்தாலும் முதல் நாளே எங்க வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திடறான் அவன். எனக்கு ஒடியா வராது, வந்தவனுக்குத் தமிழ் வராது. நான் என்ன சொல்றேன்னு நினைக்கிறீங்க?

"குந்து, தண்ணி குடி"ன்னுதான்! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

நடுவர் ஐயா, மணி அடிச்சிட்டீங்க. கால்குலேட்டரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்றதா இருந்தா எதிரணிக்குச் சொல்லுங்க, எனக்கு வருத்தமில்லை.