விழுகிற பாரத்தைப் பிடிக்கப் போகாதீர்கள்

(தோட்டத்து வாசிகசாலையில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் பிரட்டுக்குப் போய், மலையில் நின்று, பின்னேரம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டு வேலையையும் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறோம். வழக்கமாக நாங்கள் போஷாக்கு, சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று பேசுவோம். இன்றைக்கு லொறியிலும் வேனிலும் வருகிற பாரத்தை இறக்குவது பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

"பாரம் சுமக்கிறதைப் பத்தி எங்களுக்கே சொல்லித் தர வந்துட்டாரா?" என்று பின்னால் இருக்கிற அண்ணன் ஒருவர் சிரிக்கிறார். நியாயம்தான். பாட்டன் பூட்டன் காலத்தில் இருந்தே பாரம் சுமந்த சனம் நாங்கள். கொழுந்துக் கூடை, உர மூட்டை, விறகுக் கட்டு, சீமெந்துப் பை, எதைத்தான் சுமக்கவில்லை? ஆனால் பழகின வேலையில்தான் கவனம் குறைகிறது. அதோடு, பாரம் வருகிற விதமும் இப்போது மாறிப்போய் விட்டது.

முந்தி மூட்டை மூட்டையாக ஏற்றி, மூட்டை மூட்டையாகவே இறக்கினோம். இப்போது பல சாமான்கள் 'பலட்' என்கிற மரத்தட்டின் மேல் அடுக்கி, பொலித்தீன் சுற்றி, இறுக்கிக் கட்டி வருகின்றன. 50 கிலோ மூட்டை இருபதை ஒரு பலட்டில் அடுக்கினால் ஆயிரம் கிலோ. ஒரு தொன்! கொழும்புக் களஞ்சியத்தில் அதை ஏற்றுவது மெசின். இரண்டு இரும்புக் கொம்பை அடியில் விட்டுத் தூக்கி உள்ளே வைத்துவிடும். இங்கே மலைக்கு வந்து சேர்ந்த பிறகு அந்த மெசின் எங்கே? ஏற்றும்போது மெசின், இறக்கும்போது மனுசன். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயரும் வேண்டாம், ஆளின் பெயரும் வேண்டாம். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெக்டரிக்குப் பெரிய மோட்டர் ஒன்று பலட்டில் வைத்து வேனில் வந்தது. பின்னேரம், மழைத் தூறல், மப்பு. பெக்டரி வாசலில் இறக்கமான இடத்தில் வேனை நிறுத்தினார்கள். இரண்டு பலகையைச் சாய்த்து வைத்து, ஆறு பேர் சேர்ந்து மோட்டரைத் தள்ளினார்கள். பாரம் வேனை விட்டுப் பலகைக்கு இறங்கினதும், அது வரைக்கும் அமுங்கி நின்ற வேனின் பின்பக்கம் சட்டென்று மேலே எழும்பியது. பலகை வழுகியது. மோட்டர் சரிந்தது. ஐந்து பேர் விலகிக் குதித்தார்கள். ஒரு அண்ணன் மட்டும் விலகவில்லை. தோளைக் கொடுத்துத் தாங்கப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே கால் நசுங்கிப் போனது.

நாங்களும் அங்கேதான் நின்றோம். குடையைப் பிடித்துக்கொண்டு, "கெதியா இறக்குங்க, இருட்டப் போகுது" என்று சொன்னவர்களில் நாங்களும் ஒருவர். அதை இன்றைக்கு இத்தனை பேருக்கு முன்னால் ஒத்துக்கொள்கிறோம்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது கேட்டோம், "ஏன் அண்ணே, விட்டுட்டு விலகியிருக்கலாமே?" அவர் சொன்ன பதில் இது: "விழுந்து உடைஞ்சா நம்ம தலையிலதானே சேர் கட்டுவாங்க." அந்த மோட்டரைத் தட்டித் துடைத்துப் பழுது பார்த்து ஓட விட்டார்கள். அவருடைய காலை அப்படிப் பழுது பார்க்க முடியவில்லை. இன்றைக்கும் தடி ஊன்றித்தான் நடக்கிறார். மலைக்குப் போய் வேலை செய்ய முடியாது. அந்த வீட்டில் படித்துக்கொண்டிருந்த மூத்த பிள்ளை படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டது.

ஏன் இப்படி நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

வேனின் தளம் நிலத்தில் இருந்து 2 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 10 அடிப் பலகையைச் சாய்த்து, சில்லு வைத்த கைவண்டியில் ஆயிரம் கிலோவை இறக்கினால், அந்தப் பாரம் ஏறத்தாழ 200 கிலோ பலத்தோடு கீழே இழுக்கும். பலகை 5 அடிதான் என்றால் இழுப்பு 400 கிலோ. நாலு பேர் கையால் பிடித்து நிறுத்துகிற காரியமா இது? அதுவும் மழையில், வழுக்கல் நிலத்தில், செருப்புக் காலோடு? உருளத் தொடங்கின பாரத்துக்கு மனுசனைத் தெரியாது.

இன்னொன்று, எங்கள் மலைப் பாதை. கொண்டை ஊசி வளைவுகளில் ஆடி ஆடி வருகிறபோது அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. கதவில் முட்டிக்கொண்டு நிற்கும். கதவைத் திறக்கிறவரின் நெஞ்சில்தான் முதல் மூட்டை வந்து விழும்.

சரி, என்ன செய்யிறது? நாங்கள் ஆறு காரியம் சொல்கிறோம். விரல் விட்டு எண்ணி ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வண்டி நிற்கிற இடம். முடிந்த வரைக்கும் சமதரையில் நிறுத்தச் சொல்லுங்கள். நூறு யார் தள்ளி நிறுத்த வேண்டி வந்தாலும் பரவாயில்லை. எஞ்சினை நிற்பாட்டி, கை பிரேக் போட்டு, கியரில் விட்டு, சில்லுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை வைத்த பிறகுதான் கதவில் கை வைக்க வேண்டும். கல்லு வைக்கிறதைவிட, ஆப்பு மாதிரி சீவின மரக்கட்டை நல்லது. வண்டியிலேயே இரண்டு கட்டை வைத்துக்கொள்ளும்படி சாரதி தம்பிமாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவது, கதவு. கதவுக்கு நேரே நிற்காதீர்கள். பக்கத்தில் நின்று, ஒரு கதவை மட்டும் மெதுவாகத் திறந்து, உள்ளே எட்டிப் பாருங்கள். அடுக்கு சாய்ந்திருந்தால் கட்டை அவிழ்க்கக் கூடாது. முதலில் முட்டுக் கொடுத்து, மேலே இருக்கிறதை ஒவ்வொன்றாக எடுங்கள்.

மூன்றாவது, இதுதான் முக்கியம். பலட்டை முழுசாக இறக்கப் பார்க்காதீர்கள். மெசின் இல்லாத இடத்தில் பலட்டைக் கலைக்க வேண்டும். பொலித்தீனை வெட்டி, மேல் அடுக்கில் இருந்து, இரண்டு பக்கமும் சமமாக எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் மற்றப் பக்கம் சரியும். அரை மணித்தியாலம் கூடப் போகும். போகட்டும். கலைக்க முடியாத மோட்டர், மெசின் போன்ற சாமான் வருகிறது என்றால், தூக்குகிற வசதியும் சேர்ந்து வர வேண்டும். அது வரும் வரைக்கும் வண்டியிலேயே இருக்கட்டும். சாமானுக்குப் பசியா எடுக்கப் போகிறது?

நாலாவது, சொல்கிற வாய் ஒன்றாக இருக்க வேண்டும். ஆறு பேர் ஆறு விதமாகச் சத்தம் போட்டால் யார் சொல்லைக் கேட்கிறது? அனுபவம் உள்ள ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும். "நில்" என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சின்னப் பையன் சொன்னாலும் உடனே நிற்க வேண்டும்.

ஐந்தாவது, மூட்டையைத் தூக்குகிற விதம். சர்வதேச தொழில் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே, வயது வந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கிற பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரை செய்தது. பெண்களுக்கு அதைவிட நன்றாகக் குறைய வேண்டும் என்றும் சொன்னது. இங்கிலாந்தில் இன்றைய வழிகாட்டலோ, உடம்போடு ஒட்டி இடுப்பு உயரத்தில் தூக்கும்போது ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என்று சொல்கிறது. எங்கள் உர மூட்டை 50 கிலோ. அப்படியென்றால் அதைத் தூக்குவது இரண்டு பேர் வேலை. மூட்டையை வண்டி ஓரத்துக்கு இழுத்து, அங்கிருந்து உடம்போடு சேர்த்து எடுங்கள். நிலத்தில் இருந்து எடுக்கும்போது முழங்காலை மடியுங்கள், முதுகை வளைக்காதீர்கள். திரும்ப வேண்டும் என்றால் இடுப்பைத் திருகாமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். மூட்டையோடு வண்டியில் இருந்து குதிக்கவே கூடாது. உரம் சிந்தினால் உடனே கூட்டி அள்ளுங்கள். அந்த மணி காலுக்கடியில் உருண்டு ஆளைச் சறுக்கி விழுத்திவிடும்.

ஆறாவது, இன்றைக்கு நாங்கள் பேச வந்ததே இதற்காகத்தான். பாரம் சரிந்தால் விட்டுவிடுங்கள். பிடிக்கப் போகாதீர்கள். தோள் கொடுக்காதீர்கள். "விலகு!" என்று சத்தம் போட்டு ஓடுங்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று தொடங்குவதற்கு முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பாரத்துக்குக் கீழ்ப்பக்கமும், பாரத்துக்கும் சுவருக்கும் நடுவிலும் ஒருவரும் நிற்கக் கூடாது.

சொல்வது லேசு. செய்வது ஏன் கஷ்டம்? அந்த அண்ணன் சொன்ன பயம்தான். உடைந்தால் சம்பளத்தில் வெட்டுவார்கள், ஏச்சு விழும் என்ற பயம். அதனால் இன்றைக்கு இங்கே வந்திருக்கிற கணக்கப்பிள்ளை ஐயா, டீமேக்கர் ஐயா, ஸ்டோர் பொறுப்பாளர், தலைவர்மார் எல்லோரிடமும் பணிவாக ஒன்று கேட்கிறோம். பாரம் இறக்கத் தொடங்குவதற்கு முன்னால், ஆட்களுக்குக் கேட்கிற மாதிரி இப்படிச் சொல்லுங்கள்: "சரிந்தா விட்டுடுங்க. உடைஞ்சா உங்க மேல குத்தம் இல்ல." இந்த ஒரு வார்த்தை ஒரு காலைக் காப்பாற்றும், ஒரு பிள்ளையின் படிப்பையும் காப்பாற்றும்.

தாய்மாருக்கும் ஒரு சொல். கூரைத் தகரம், சீமெந்து, அரிசி என்று லயத்துப் பக்கம் லொறி வந்தால் பிள்ளைகள் ஓடிப்போய்த் தொங்குவார்கள். லொறி திரும்பிப் போகும் வரைக்கும் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எடுக்கிற வண்டியின் சாரதிக்குச் சின்னப் பிள்ளை தெரியாது. கர்ப்பிணித் தாய்மாரையும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளையும் "ஒரு கை குடு" என்று யாராவது கூப்பிட்டால், "முடியாது" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தும் விபத்து நடந்துவிட்டால்? அகப்பட்டவரைப் பிடித்து இழுக்காதீர்கள். பாரம் மறுபடியும் அசையாதபடி முதலில் கட்டை கொடுங்கள். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். முதுகிலோ கழுத்திலோ அடி என்றால் ஆளை அசைக்காதீர்கள். தோட்டத்து வைத்திய உதவியாளருக்கு ஆள் அனுப்பிவிட்டு, 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு வாங்க மாட்டார்கள்.

சின்னக் காயம் என்றாலும், "எண்ணெய் தேச்சா சரியாயிடும்" என்று வீட்டில் படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே டிஸ்பென்சரியில் காட்டி, தோட்டத்துப் புத்தகத்தில் எழுத வையுங்கள். நேரம், இடம், பார்த்தவர்களின் பெயர் எல்லாம் பதிய வேண்டும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேலையினால் உண்டான காயத்துக்கு நட்டஈடு கேட்க அது உங்களுக்கு உரிமை தருகிறது. அந்த அண்ணனின் விஷயத்தில் முதல் நாள் ஒருவரும் எதையும் எழுதி வைக்கவில்லை. பிறகு சாட்சி தேடி அலைந்து, அந்த வீட்டம்மா பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். எழுதத் தெரியாது என்றால் எங்களிடம் வாருங்கள். எழுதித் தருவது எங்கள் கடமை.

கடைசியாக, அடுத்த கிழமை உர லொறி வர இருக்கிறது. சில்லுக்கு வைக்க நாலு மரக்கட்டை சீவித் தரும்படி தச்சு வேலை செய்கிற அண்ணனிடம் சொல்லியிருக்கிறோம். லொறி வருகிற அன்றைக்கு நாங்களும் உர ஸ்டோருக்கு வருவோம். இந்த முறை "கெதியா" என்று சொல்ல மாட்டோம்.

காலையில் போனவர் பின்னேரம் இரண்டு காலில் நடந்து வீட்டுக்கு வர வேண்டும். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.