கிரீன் துரை தமிழில் கற்பித்த அறுவை மருத்துவம்



மெய்கண்டார் பிறந்த மண் இந்தப் பெண்ணாடம். சைவ சித்தாந்தத்தைப் பன்னிரண்டே சூத்திரங்களில் தமிழில் நிறுத்திக் காட்டியவர் அவர். அந்த மண்ணில் நின்று கேட்கிறேன்: அறுவை மருத்துவத்தை ஏன் தமிழில் சொல்லித்தர முடியாது?

முடியாது என்போர் சாமுவேல் பிஸ்க் கிரீனைத் தெரிந்துகொள்ளட்டும். அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்தவர். 1847இல் மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்தார், அறுவை செய்தார், மாணவர்களுக்குப் பாடமும் நடத்தினார். மதம் பரப்ப வந்தவர்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு அவர் செய்ததை நம்மவர்கள் செய்யவில்லையே!

முதலில் அவரும் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். தேறியவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர் போனார்கள். நோயாளிகள் கிராமத்திலேயே கிடந்தார்கள். இதைக் கண்டபிறகு, 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். பாடநூல் வேண்டுமே? 1867இல் அறுவை மருத்துவத்துக்கு 'இரண வைத்தியம்' வந்தது. 1858இல் லண்டனில் வெளியான கிரேயின் உடற்கூற்று நூல், பதினான்கே ஆண்டுகளில் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழ் மாணவன் கைக்கு வந்துவிட்டது. கலைச்சொல் இல்லையே என்று அவர் கையைப் பிசையவில்லை. இருந்த சொல்லை எடுத்தாண்டார். இல்லாத இடத்தில் பிறமொழிச் சொல்லையே வைத்துக்கொண்டார். வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர்! முப்பதுக்கும் மேற்பட்டோர் தமிழிலேயே படித்து மருத்துவரானார்கள். 1873இல் ஊர் திரும்பியும் அவர் ஓயவில்லை. 1884இல் கண்மூடும்வரை தமிழ் மருத்துவ நூல்களே அவர் வேலை.

இன்று? வெள்ளாற்றங்கரைக் கரும்பு விவசாயி குடல்வால் ஆபரேஷன் முடிந்து வீடு வருகிறார். கையில் டிஸ்சார்ஜ் சம்மரி. எதை அறுத்தார்கள், எந்த மாத்திரையை எத்தனை நாள் விழுங்க வேண்டும், எல்லாமே ஆங்கிலம். காலேஜ் போகும் பேரனிடம் நீட்டுகிறார். அவனுக்கும் பாதி விளங்கவில்லை. தன் உடம்பைப் பற்றிய செய்தியே அவருக்கு எட்டவில்லை என்றால், அது அநியாயம் இல்லையா?

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உலக ஆய்வுகளை அதில் படிக்கட்டும். ஆனால் எலும்பையும் நரம்பையும் முதன்முதலில் அறியும் பிள்ளை தாய்மொழியில் அறியட்டும். முதலாண்டு உடற்கூறும் உடலியங்கியலும் தமிழிலும் நடக்கட்டும். சிதம்பரத்து அரசு மருத்துவக் கல்லூரியிலேயே தொடங்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தமிழிலும் கொடுக்க அரசு ஆணை போடட்டும், அதற்கு ஒரு கல்லூரியும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. இந்த இரண்டையும் கேட்கும் மனு மேடைக்குக் கீழே மேசையில் இருக்கிறது. கலையும் முன் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடுங்கள்.