மழைக்காலத்தில் டிரம் பிரேக்

பூதலூரில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன் ஒரு விஷயம். நம் வளாகத்தில் நிற்கும் ஆல்ட்டோ, வேகன்ஆர் போன்ற சின்னக் கார்களுக்குப் பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான். ஹேண்ட் பிரேக்கும் அதையே பிடிக்கிறது. நனைந்த காரை ஹேண்ட் பிரேக் போட்டுப் பல நாள் நிறுத்தினால், துருவேறி பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

தேங்கிய நீரைக் கடந்ததும், மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை நாலைந்து முறை லேசாக அழுத்துங்கள். உரசும் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும்.

பின்சக்கரத்தின் உட்புறம் கசிவு தெரிந்தாலோ, பிரேக் ஆயில் குறைந்தாலோ, வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை இங்கேயே வரவழையுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில்தான் நாம் வண்டியைத் திருப்புகிறோம்.