வாசனை எண்ணெயும் வேளாண்மையும்

ஆண்டாப் ஹில், தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழர் இல்லங்களில் கிராம்பும் ஓமமும் இல்லாத அடுப்பங்கரை அரிது. கைக்குழந்தை உள்ள வீடாயின் வசம்பும் இருக்கும். இவ்வூர்க் கடைக்காரர் ஓமத்தை ஓவா என்பார். வசம்பை வேகண்ட் என்பார். பெயர் மாறினும் மணம் மாறுவதில்லை. அந்த மணத்துக்குக் காரணமான எண்ணெய் தானியக் குதிருக்கும் மீன் குளத்துக்கும் எவ்வாறு பயன்படுகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

எண்ணெய்களில் இரு வகை உண்டு. நல்லெண்ணெய்த் துளி ஒன்றைக் காகிதத்தில் விட்டால் கறை நிலைத்து நிற்கும். கிராம்பெண்ணெய்த் துளியோ நாளடைவில் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். வேப்பெண்ணெய் முதல் வகையைச் சேர்ந்தது. நீலகிரித் தைலமும் ஓம எண்ணெயும் இரண்டாம் வகை. ஓடித் தப்ப இயலாத செடி, தன்னை அரிக்கும் பூச்சியையும் பூஞ்சையையும் விரட்ட இத்தகைய ஆவியைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆவியாகிப் போய்விடுவதே இவ்வெண்ணெயின் குணம். அதன் நன்மை, குறை இரண்டும் அந்த ஒரு குணத்திலேயே அடங்கியுள்ளன.

முதலில் மீனைப் பார்ப்போம். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரி அவர்கள் ஊசி மருந்தின் மூலம் கெண்டை மீனைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். அதன்பின் தாய் மீனைப் பிடித்து ஊசி போடுவது மீன் பண்ணைகளின் வழக்கமான வேலையாயிற்று. கையில் துள்ளும் மீன் செதில் உதிர்ந்து புண்படும். அதிர்ச்சியால் இறந்துபோவதும் உண்டு. ஆகவே அதனைச் சற்று மயக்கி வைத்தல் நலம். பல்வலிக்கு நாம் வைக்கும் கிராம்பு இங்கே கைகொடுக்கிறது. அதன் எண்ணெயில் பெரும்பகுதியாக உள்ள யூஜினால் என்னும் பொருள், செவுள் வழியாக மீனின் இரத்தத்தில் கலந்து அதனை மயங்கச் செய்கிறது. நல்ல நீரில் விட்டதும் மீன் தெளிந்துவிடும்.

அளவு என்ன? மீனின் இனத்தையும் நீரின் வெப்பத்தையும் பொறுத்து, லிட்டருக்கு ஏறத்தாழ 25 முதல் 100 மில்லிகிராம். எண்ணெய் நீரில் கரையாதாகையால் முதலில் சிறிது எரிசாராயத்தில் கலந்து பின்னர் நீரில் சேர்ப்பர். அளவு மிஞ்சினாலோ, நேரம் நீடித்தாலோ செவுளின் அசைவே நின்று மீன் மடியும். எனவே புதியவர்கள் இரண்டொரு மீன்களில் சோதித்துப் பார்த்த பின்னரே மற்றவற்றை விடவேண்டும். மயக்கிய மீனை உடனே சந்தைக்கு அனுப்புவதும் தகாது. நம் கன்னியாகுமரி மலைத் தோட்டங்களில் விளையும் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மலைச் சரக்குக்கு மீன் பண்ணையிலும் ஒரு பயன் இருப்பது மகிழ்ச்சிக்குரியது.

அடுத்தது இறால். நோய்க்கு அஞ்சிக் கண்டபடி உயிர்க்கொல்லி மருந்துகளைக் குளத்தில் இடுவதால் கிருமிகள் அம்மருந்துகளுக்கு அடங்காதவையாகின்றன. பின்னர் மனிதர் நோயுறும்போதும் அம்மருந்துகள் பலிப்பதில்லை. கால்நடைத் தீவனத்தில் வளர்ச்சிக்கென்று இவற்றைக் கலப்பதை ஐரோப்பிய நாடுகள் 2006-ஆம் ஆண்டு முதல் அடியோடு விலக்கின. அதனால் தாவர எண்ணெய்களின் மீது ஆராய்ச்சியாளரின் கவனம் மிகுதியாகத் திரும்பியது. ஓமத்தில் உள்ள தைமால் பல கிருமிகளை அடக்குவது ஆய்வுக்கூடத்தில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் தீவனத்தை வேகவைக்கும்போது அது ஆவியாகிறது. குளத்து நீரில் கசிந்தும் போகிறது. ஆதலின் நுண்ணிய உறைக்குள் அடைத்துக் கொடுக்கும் முறைகளை ஆராய்கின்றனர். ஒன்றை மட்டும் உறுதியாகக் கூறலாம்: இறாலின் வெண்புள்ளி நோய் வைரஸால் வருவது, அதனைத் தீர்க்கும் எண்ணெய் எதுவும் இல்லை. தீர்க்கும் என்று எவரேனும் புட்டி விற்றால் நம்பவேண்டாம்.

இனி, நம் வீட்டுக்குள் வருவோம். ஊரிலிருந்து மூட்டையாக வரும் அரிசியும் உளுந்தும் பம்பாய் மழைக்காலத்தில் வண்டு பிடிப்பது இல்லத்தரசிகள் நன்கு அறிந்தது. வண்டுக்கு அஞ்சிக் கிடங்குகளுக்கு உரிய அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைச் சிலர் வீட்டில் வைக்கின்றனர். ஈரக்காற்றுப் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சுவாயு கிளம்பும். காற்றோட்டமற்ற அறையில் உறங்குவோரின் உயிரையே அது பறித்துவிடும். நம் நாட்டில் இவ்வாறு குழந்தைகள் இறந்ததுண்டு. ஓர் அறைக் குடியிருப்பில் இம்மாத்திரைக்கு இடமே இல்லை.

நம் முன்னோர் குதிரில் நொச்சியிலையும் வசம்பும் இட்டனர். இவற்றின் ஆவி, வண்டை விரட்டுகிறது. முட்டை பொரிப்பதையும் குறைக்கிறது. ஆனால் பருப்பினுள் ஏற்கெனவே புகுந்துவிட்ட புழுவை அது எளிதில் எட்டுவதில்லை. ஆகவே வாங்கியவுடன் நன்றாக வெயிலில் உலர்த்தி, ஆறவைத்து, இறுக மூடும் டின்னில் அடைக்கவேண்டும். உலர்ந்த நொச்சியிலையையோ கிராம்பையோ துணியில் முடிந்து உள்ளே வைக்கலாம். மூடி தளர்ந்தால் ஆவி போய்விடும், பயனும் போய்விடும். வசம்பை மட்டும் விதைத் தானியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதிலுள்ள அசரோன் என்னும் பொருள் தீங்கு பயக்கும் எனக் கண்டு, அமெரிக்க அரசு 1968-இல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. பழமையானது என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

ஊரில் குளமோ வயலோ வைத்திருக்கும் உறவினருக்குக் கடிதம் எழுதும்போது இச்செய்திகளையும் சேர்த்து எழுதுங்கள். மீன் வளர்ப்பில் ஐயம் தோன்றினால் நம் நகரிலேயே, வர்சோவாவில், 1961-இல் தொடங்கப்பெற்ற மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. மணத்தை மூக்கு அறியும். மருந்தின் அளவை அறிந்தவரிடம் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.